படத்துக்கு முன்னால் ஓடிய பத்து நிமிஷம்: பழைய கேசட்டிலிருந்து தூர்தர்ஷனை மீட்பது எப்படி

பரண்மேல் ஒரு பை நிறைய விஹெச்எஸ் கேசட் கிடக்கிறதா? கீழே இறக்குங்கள். முதுகில் ஒட்டிய காகிதத்தில் ஏதோ ஒரு படத்தின் பெயரை யாரோ பேனாவால் எழுதி, அதை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதியிருப்பார்கள். அந்தப் படம் இன்றைக்கு எங்கே தேடினாலும் கிடைக்கும், அதற்காக நான் இதை எழுதவில்லை. படம் எப்போது ஆரம்பிக்குமோ என்று ரெக்கார்டு பொத்தானைச் சீக்கிரமே அமுக்கிவிட்டுக் காத்திருந்தார்களே, அந்த ஐந்து பத்து நிமிஷம்தான் வேண்டும். அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே அன்றைய நிகழ்ச்சிகளைச் சொல்வது, சுழன்று சுழன்று கண்ணாக மாறும் தூர்தர்ஷன் சின்னம், நடுவில் படம் நின்றுபோனால் வரும் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை, தமிழ்ச் செய்தி, நிர்மா விளம்பரம். இவற்றை யாரும் வேண்டுமென்று பதிவு செய்யவில்லை. தவறிப்போய் விழுந்ததுதான் எல்லாம், ஆகவே தவறிப்போய்த்தான் மிஞ்சியிருக்கிறது.

நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு நஷ்டத்துக்கு அப்புறம்தான். பல வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் மூன்று கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தரச் சொல்லி ஒரு வீடியோ கடையில் கொடுத்தேன். நன்றாகத்தான் செய்து கொடுத்தார்கள், ஆனால் ஒவ்வொன்றும் படத்தின் சென்சார் சான்றிதழில் ஆரம்பித்து 'சுபம்' போட்டதும் நின்றது. முன்னாலும் பின்னாலும் இருந்ததை 'வேஸ்ட்' என்று வெட்டிவிட்டார்களாம். திரும்ப எடுக்கலாம் என்று பார்த்தால் மூல கேசட்டுகளையும் நானேதான் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தேன். கடைக்காரரைச் சொல்லி என்ன பயன், அவர் கணக்கில் படம்தான் சரக்கு. ஆகவே முதல் விதி: நீங்களே செய்யுங்கள், முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை எடுங்கள், எதையும் வெட்டாதீர்கள்.

இது நம் ஊர்ப் பைத்தியம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பிபிசி 1985 வரை காட்டிய சுழலும் உலக உருண்டைக்காகவும், 1967இல் வந்த, ஒரு சிறுமி துணிப் பொம்மையோடு கரும்பலகையில் பூஜ்யம்-பெருக்கல் விளையாடும் சோதனை அட்டைக்காகவும் கேசட் கேசட்டாகத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரான்சில் ஆந்தென் 2 என்ற சேனல் 1975 முதல் 1983 வரை தினமும் ஓடவிட்ட, ஓவியர் ஃபோலோனின் பறக்கும் மனிதர்களைப் பற்றிப் பேசினால் ஐம்பது வயதுக்காரர்கள் கண் கலங்குவார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு ஊர் நிலையமும் ராத்திரி தேசிய கீதம் போட்டு, அப்புறம் வண்ணப் பட்டைகளைக் காட்டி, கடையை மூடிய விதத்தையே தனியாகச் சேகரிக்கிறார்கள். பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 1979இல் தொடங்கி 2012இல் இறக்கும் வரை வீட்டில் வரிசையாக விசிஆர்களை, அதாவது கேசட்டில் டிவியைப் பதிந்து ஓட்டும் பெட்டிகளை வைத்து இரவு பகலாகச் செய்திச் சேனல்களைப் பதிவு செய்துகொண்டே இருந்தார். சுமார் 70,000 கேசட். அவரும் எதையும் வெட்டவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

எந்த கேசட்டை முதலில் எடுப்பது

வாடகைக் கடையிலிருந்து வந்த, படம் அச்சடித்த அட்டையோடு இருக்கும் கேசட்டில் நமக்கு ஒன்றும் இல்லை. கையால் எழுதியது, பல முறை அடித்துத் திருத்தியது, 'கிரிக்கெட்', 'ஒலியும் ஒளியும்', 'ஞாயிறு படம்' என்று மொட்டையாகப் போட்டது, அல்லது ஒன்றுமே எழுதாதது, இவைதான் முதலில். இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஈ-180 கேசட் என்றால் மூன்று மணி நேரம், படம் இரண்டரை மணி நேரம். படம் முடிந்ததும் எழுந்துபோய் நிறுத்துகிற வீடுகளும் உண்டு, அப்பா சாய்வு நாற்காலியிலேயே தூங்கிப்போய் டேப் தானாக ஓடி முடிந்த வீடுகளும் உண்டு. நமக்கு இரண்டாவது வகை அப்பா வேண்டும்.

அப்புறம், கேசட் ஒரு சிலேட்டு மாதிரி. அழித்து அழித்து எழுதியிருப்பார்கள். 1994இல் பதிவு செய்த கல்யாணப் பாட்டு இரண்டு மணி நேரத்தில் முடிந்தால், அதற்கு அடியில் இருந்த பழைய பதிவின் வால் அங்கே தலைகாட்டும். எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல துண்டு ஒன்று இப்படி ஒரு காதுகுத்து விழாவின் கடைசியில் இருந்தது. மொட்டை போட்ட குழந்தை அழுகிறது, படம் ஒரு முறை கிழிந்து குலுங்குகிறது, உடனே மேஜைமேல் கைகட்டி உட்கார்ந்த ஒரு செய்தி வாசிப்பாளர் பாதி வாக்கியத்தில் வருகிறார். பின்னால் வெறும் நீலத் திரை. பதினோரு நொடி. அவ்வளவுதான், மறுபடி புள்ளி புள்ளியாகக் கொசு பறக்கிறது.

போடுவதற்கு முன்னால்

கேசட்டை விசிஆரில் போடும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். மேலே உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். டேப் சுருளின்மேல் வெள்ளையாக மாவு தூவினமாதிரி இருந்தால் அது பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு இது சர்வசாதாரணம். அதைப் போட்டால் டேப்பைப் படிக்கும் முனையான விசிஆர் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் போகும். நான் அவசரப்பட்டு ஒன்றைப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விசிஆரைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தேன். பூஞ்சை கேசட்டைத் தனியாக ஒரு பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள், எல்லாம் முடிந்த பிறகு அதற்கென்றே ஒரு மட்டமான விசிஆர் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம். சுத்தம் செய்யும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கேசட்டின் முதுகு ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் புதிதாகப் பதிய முடியாது. இப்போதே உடைத்துவிடுங்கள். ரிமோட்டில் கை தவறிச் சிவப்புப் பொத்தான் அமுங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இருபது வருஷம் சுருண்டு கிடந்த டேப் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். ஆகவே முதலில் முழுதாக முன்னால் ஓட்டி, முழுதாக ரீவைண்ட் செய்து, அப்புறம்தான் பிளே. ஓடும்போது கிறீச் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். டேப்பின் மேல் ஓரம் சுருங்கியிருந்தால் படம் நன்றாக வந்து ஒலி மட்டும் நடுங்கும், ஏனென்றால் சாதாரண ஒலித்தடம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. கீழ் ஓரத்தில் அடிபட்டிருந்தால் டிராக்கிங்கே நிற்காது, அதாவது ஹெட் படத்தின் தடத்தைச் சரியாகப் பிடிக்காது.

விசிஆர்

புது விசிஆர் இனி கிடையாது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரியுங்கள், சொந்தக்காரர் வீட்டு ஷோகேஸில் துணி போர்த்தி உட்கார்ந்திருப்பதைக் கேளுங்கள். வாங்கும்போது ஒரு குப்பை கேசட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் டேப்பை இழுத்து மென்று துப்பிவிடும், அந்த வேலை உங்கள் நல்ல கேசட்டில் நடக்கக்கூடாது.

ஹெட் சுத்தம் செய்வதற்கு எங்கள் மாமா ஒரு மொடமொடப்பான புது ரூபாய் நோட்டை வைத்துத் தேய்ப்பார். அந்தக் காலத்தில் அது வித்தை, இன்றைக்கு வேண்டாம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் தொட்டு, ஹெட் பொருத்தியிருக்கும் வட்டமான டிரம்மில் லேசாக வைத்துப் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். துணியை மேலும் கீழும் அசைத்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சுக் குச்சி டிரம் பக்கமே போகக்கூடாது.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. விசிஆர் மெனுவில் சிக்னல் பலவீனமாக இருந்தால் திரையை நீலமாக்கும் வசதி இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். நீங்கள் தேடுவதே பலவீனமான சிக்னலைத்தான். நிலையம் மூடிய பிறகு வரும் கொசு, துண்டு துண்டான மிச்சங்கள், எல்லாவற்றையும் அந்த நீலம் விழுங்கிவிடும்.

வெளிநாட்டு உறவினர் கொடுத்த கேசட்டாக இருந்தால் கவனம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, 625 வரி, நொடிக்கு 25 படம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பதிந்தது என்.டி.எஸ்.சி., 525 வரி. அதை பால் மட்டும் தெரிந்த விசிஆரில் போட்டால் படம் உருளும். பாரிஸில் இருக்கும் சித்தப்பா அங்கத்திய டிவியிலிருந்து பதிந்து அனுப்பியது என்றால் அது செகாம், நம் விசிஆரில் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கணினிக்குள் கொண்டுவருவது

விசிஆரின் மஞ்சள் வயரைக் கணினிக்கு இணைக்க ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவி வேண்டும். ரொம்ப மலிவானவை ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன, படத்துக்கு அவை போதும், ஆனால் நம் வேலைக்கு ஒரு குறை உண்டு. படம் கிழியும் இடத்திலும் கொசு பறக்கும் இடத்திலும் சிக்னலில் தாளம் தவறும், அங்கே இந்த மலிவுக் கருவி திகைத்து நின்றுவிடும், அல்லது சில படங்களை விட்டுவிட்டுத் தாவும், அப்புறம் உதடு ஒரு பக்கம் ஒலி ஒரு பக்கம். இதைச் சமாளிக்க விசிஆருக்கும் கருவிக்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றைச் சும்மா வழிப்போக்கனாக வைத்துப் பாருங்கள். அதில் எதையும் பதிய வேண்டாம், சிக்னல் அதன் வழியாகப் போனால் போதும், சில மாடல்கள் தவறிய தாளத்தைச் சரிசெய்து கொடுத்துவிடும். எஸ்-வீடியோ துளை உள்ள விசிஆர் கிடைத்தால் மஞ்சள் வயரைவிட அது நல்லது.

பதிவு செய்ய இலவச மென்பொருள்கள் போதும், வர்ச்சுவல்டப் அல்லது ஓபிஎஸ். அளவு 720க்கு 576, என்.டி.எஸ்.சி. என்றால் 720க்கு 480. சுருக்காமல் அப்படியே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி கிட்ட ஆகும், ஆகவே தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யுவ் அல்லது எஃப்எஃப்வி1 முறையில் சேமியுங்கள், பாதிக்கும் குறைவாக வரும். நேராக எம்பி4 ஆக்கிவிடாதீர்கள். அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும், அது கோளாறு இல்லை. பழைய டிவி ஒரு நொடிக்கு 50 அரைப்படங்களாக அனுப்பியது, ஒற்றைப்படை வரி ஒரு தடவை, இரட்டைப்படை வரி ஒரு தடவை. மூலக் கோப்பில் அதை அப்படியே விடுங்கள். பகிரும் நகலில் மட்டும் பிரித்து 50 முழுப்படமாக மாற்றினால் அந்தச் சின்னம் அன்றைக்கு எப்படி வழுக்கிக்கொண்டு சுழன்றதோ அப்படியே சுழலும். 25 ஆக்கினால் தத்தித் தத்திப் போகும்.

திரையை இழுத்து 16:9 ஆக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கண் சின்னத்தின் வட்டம் முட்டையாகிவிடுகிறது. 4:3 என்றால் 4:3தான். அடியில் நெளியும் இரண்டு மூன்று வரியையும் வெட்டாதீர்கள், டிவிப் பெட்டியின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது அது, இருந்துவிட்டுப் போகட்டும்.

எந்த வருஷம் என்று கண்டுபிடிப்பது

எனக்கு இதில்தான் ருசி. கேசட் கையில் இருந்தாலும் தேதி இருக்காது, ஆகவே துப்பறிய வேண்டும். இரண்டு எல்லைகளை முதலில் நடுங்கள்: இதற்கு முன்னால் இருக்க முடியாது, இதற்குப் பின்னால் இருக்க முடியாது.

தூர்தர்ஷன் சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் ஆரம்பித்தது. கண் சின்னமும் அந்த இசையும் 1976 ஏப்ரல் 1 முதல், ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து தூர்தர்ஷன் பிரிந்த அதே நாள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் தேவாஷிஸ் பட்டாச்சார்யா வரைந்தது, இசை ரவிசங்கரும் அலி அகமது உசேன் கானும் அமைத்தது. அமெரிக்காவில் சிபிஎஸ் 1951லேயே ஒரு கண்ணை வைத்துவிட்டது, ஆனால் அது வெறித்துப் பார்க்கும் கண், நம்முடையது மெல்லத் திறக்கிற கண். நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு படமாகப் பாருங்கள், இரண்டு வளைவுகள் நடு உருண்டையைச் சுற்றி வரும்போது ஒன்றின் நிழல்போல இன்னொன்று பின்னால் வருவது தெரியும், கணினி இல்லாத காலத்தில் கேமராவின் கீழ் வைத்துத் திருப்பித் திருப்பி எடுத்த வேலை. கண் முழுசானதும் கீழே 'சத்யம் சிவம் சுந்தரம்' வரும்.

வண்ணம் 1982இல்தான் வந்தது. ஆகஸ்ட் 15இல் தொடங்கிய தேசிய ஒளிபரப்பு, நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டு. ஆக வண்ணம் இருந்தால் அதற்குப் பின்னால். கறுப்பு வெள்ளை என்றால் அதற்கு முன்னால் என்று சொல்ல முடியாது, ஹெட் அழுக்காக இருந்தாலும் நிறம் போகும், படமே பழைய படமாகவும் இருக்கலாம். தேசிய ஒளிபரப்புக்காகச் சென்னையிலிருந்து டெல்லிக்கு மாறும் இடத்தைத் தவறவிடாதீர்கள், ஒரு அசையாத அட்டை, சில நொடி மௌனம், படத்தில் ஒரு குலுக்கல், சட்டென்று இந்தி. அந்தக் குலுக்கல் எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் மணி.

விளம்பரங்களில் விலையைப் பாருங்கள், தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். முகவரி ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று இருந்தால் பெரும்பாலும் 1996க்கு முன்னால். தமிழ் எழுத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது, தமிழில் அதற்கு முன்னாலும் சென்னைதான். பொதிகை என்ற பெயர் இருந்தால் 2000க்கு இப்பால், 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் ஆகிவிட்டது. ஓரத்தில் சன் டிவியின் சூரியன் தெரிந்தால் 1993 ஏப்ரல் 14க்கு முன்னால் இருக்க வாய்ப்பே இல்லை. எல்லைகளை நட்ட பிறகு செய்தியே தேதி சொல்லும். ஷோபனா ரவி வாசிக்கும் ஒரு வரியில் ஒரு தேர்தல், ஒரு புயல், ஒரு டெஸ்ட் மேட்ச் ஸ்கோர் போதும், நூலகத்தில் அந்த மாதத்து நாளிதழைப் புரட்டினால் கிழமை உட்படக் கிடைத்துவிடும்.

தென்கோடியிலும் கடற்கரை ஊர்களிலும் பதிந்த கேசட் என்றால் இலங்கை டிவியான ரூபவாஹினியும் இருக்கலாம். 1982 பிப்ரவரியில் தொடங்கியது. மொட்டை மாடியில் உயரமான கம்பத்தில் ஆண்டெனாவும் பூஸ்டரும் வைத்து, ஒருவர் மேலே திருப்ப, ஒருவர் கீழே நின்று 'தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு' என்று கத்திப் பிடித்த சேனல் அது. படத்தில் பேய்நிழல் விழும், சரிசெய்ய முயலாதீர்கள், கடல் தாண்டி வந்ததற்கு அதுதான் அத்தாட்சி.

பகிர்வதும் வைப்பதும்

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், சேனல், என்ன துண்டு, எந்த கேசட், எத்தனையாவது நிமிஷம், இவ்வளவும் இருக்கட்டும். வருஷம் ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள். தப்பான தேதி ஒன்று இணையத்தில் ஏறினால் அப்புறம் அதை இறக்கவே முடியாது.

முழு கேசட்டையும் யூடியூபில் ஏற்றினால் படத்துக்கும் பாட்டுக்கும் உரிமை கோரி உடனே நோட்டீஸ் வரும். இந்தியச் சட்டப்படி ஒளிபரப்பு உரிமை 25 வருஷம், படத்துக்கு 60 வருஷம், பாட்டுக்குத் தனிக் கணக்கு. ஆகவே இடையில் இருப்பதை மட்டும் தனியாக எடுத்து ஏற்றுவது நல்லது, அதற்கும் சில சமயம் நோட்டீஸ் வரலாம், வந்தால் இறக்கிவிடுங்கள். முழு மூலக் கோப்பு உங்களிடம் இரண்டு வேறு ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். வீட்டுக் கல்யாணக் காட்சிகள் நடுவில் இருந்தால் அதை ஏற்றுவதற்கு முன்னால் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்தாலும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹெட்டிலிருந்து வரும் மூல சிக்னலையே நேராக எடுத்து, பிறகு மென்பொருளால் படமாக்கும் முறை இப்போது வந்திருக்கிறது, இன்றைக்கு நீங்கள் எடுத்ததைவிடத் தெளிவாக வரும், கொஞ்சம் சாலிடரிங் தெரிந்தவர்கள் செய்கிறார்கள். அதுவரை முழுதாக ரீவைண்ட் செய்து, படுக்கவைக்காமல் புத்தகம்போல நிமிர்த்தி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல், சமையலறைப் பரணில் இல்லாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஒட்டிய காகிதத்தைக் கிழிக்காதீர்கள், அடித்துத் திருத்திய அந்தப் பெயர்களை ஒரு போட்டோ எடுத்துக் கோப்போடு சேர்த்துப் போடுங்கள், அடியில் எந்தப் பதிவின் மேல் எந்தப் பதிவு ஏறியது என்று அதில்தான் இருக்கிறது.